ஸ்கிப்பிங் எண்ணும் ஆப்: மோஷன் சென்சாரைப் பழக ஒரு வழி

வடசென்னையில் பாக்ஸிங் பழகுகிறவர்களுக்கு ஸ்கிப்பிங் கயிறு இல்லாமல் பயிற்சி தொடங்காது. மாஸ்டர் "முந்நூறு போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனைப் பார்க்கத் திரும்பிவிடுவார். நூறைத் தாண்டினால் மூச்சு வாங்கும், கணக்கு தப்பும், கேட்டால் முந்நூறு முடிந்துவிட்டது என்பார்கள். அந்தக் கணக்கை இடுப்பில் கட்டிய போனே வைத்துக்கொள்ளும்படி ஒரு சின்ன ஆப் எழுதப் போகிறோம்.

போனைக் குலுக்கினால் பகடை உருளும் ஆப்தான் இணையத்தில் பல பாடங்களின் முதல் பயிற்சி. எப்படிக் குலுக்கினாலும் அது வேலை செய்துவிடும் என்பதால் சென்சாரைப் பற்றி அதில் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. எண்ணும் ஆப் அப்படி விடாது. மாஸ்டர் கணக்கும் போன் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று தேட வேண்டும். சென்சாரைப் பழகுவது அந்தத் தேடலில்தான் நடக்கிறது.

ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழியான கோட்லினில் ஒரு பட்டனை வைத்து, அழுத்தினால் திரையில் எண் கூடும்படி எழுதத் தெரிந்தால் போதும். மீதியை இங்கே பார்த்துவிடலாம்.

கையில் வேண்டியவை

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போட்ட கம்ப்யூட்டர், ஆண்ட்ராய்டு போன், டேட்டா போகிற யுஎஸ்பி கேபிள், இடுப்பில் இறுக்கிக் கட்டும் பவுச். பவுச் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பேன்ட் பாக்கெட்டில் போன் தளர்வாக ஆடினால், குதிப்பவரின் அசைவோடு பாக்கெட்டின் அசைவும் சேர்ந்தே பதிவாகும். எலாஸ்டிக் பெல்ட்டில் தொப்புளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினால் பாதிப் பிரச்சினை கோடு எழுதும் முன்பே தீர்ந்துவிடும்.

முடிந்தால் பர்மா பஜாரிலோ தெரிந்தவரிடமோ ஒரு பழைய மலிவு போனும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆப்பை நிறையப் பேர் பயன்படுத்தப் போவது அந்த மாதிரி போனில்தான். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் எமுலேட்டரில், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் பொய் போனில், போனைச் சாய்த்துத் திருப்பிப் பார்க்கும் பொய் சென்சார் வசதி இருக்கிறது. திரை சரியாக வருகிறதா என்று பார்க்க அது உதவும். ஆனால் எமுலேட்டர் கயிறு தாண்டாது.

போனின் செட்டிங்ஸில் 'பில்டு நம்பர்' என்று இருப்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்துவிட்டால் ஆப்பை நேராகப் போனிலேயே ஓட்டலாம்.

ஆக்சலரோமீட்டர் எதை அளக்கிறது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

ஆக்சலரோமீட்டர் என்பது முடுக்கத்தை அளக்கும் சென்சார். அதற்குள் இருப்பது சிலிக்கானில் செதுக்கிய மிகச் சிறிய எடை. மெல்லிய சிலிக்கான் ஸ்பிரிங்குகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஷேர் ஆட்டோ டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் உள்ளே இருப்பவர்கள் முன்னால் சரிவார்களே, அதுபோல போன் அசையும்போது அந்த எடை பின்தங்கும் அல்லது முந்தும். எவ்வளவு நகர்ந்தது என்பதை மின்தேக்குத் திறனில் வரும் மாற்றத்தை வைத்து சிப் கணக்கிடுகிறது. எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று அச்சுகளுக்கும் தனித்தனி எண் வரும். போனை நிமிர்த்திப் பிடித்தால் எக்ஸ் வலப்பக்கம், ஒய் மேல்பக்கம், இசட் திரையிலிருந்து உங்கள் முகத்தை நோக்கி. திரை படுக்கைவசமாகத் திரும்பினாலும் இந்த அச்சுகள் மாறாது. அவை போனின் உடம்போடு ஒட்டியவை.

சரி, போனை மேஜையில் மல்லாக்க வையுங்கள். அசையவே இல்லை, மூன்று எண்ணும் பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? இருக்காது. ஆண்ட்ராய்டில் இசட் அச்சில் 9.8 அளவு வரும். அலகு மீட்டர்/விநாடி². கீழே விழாமல் மேஜை போனைத் தாங்கிக்கொண்டிருக்கிறது அல்லவா, அந்தத் தாங்கலைத்தான் சென்சார் உணர்கிறது. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் போன் அந்தரத்தில் விழுந்துகொண்டிருந்தால் மூன்று அச்சும் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும்.

நம் ஆப் நிற்பதே இந்த ஒரு உண்மையில்தான். கயிறு தாண்டும்போது கால் தரையை விட்டதும் குதிப்பவரும் போனும் சேர்ந்து அந்தரத்தில் இருக்கிறார்கள். அளவு சரிந்து பூஜ்யத்தை நெருங்கும். கால் தரையில் பட்டதும் 9.8-ஐத் தாண்டி 20, 25 என்று எகிறும். ஒரு பள்ளம், ஒரு மேடு, ஒரு தாண்டல்.

புவியீர்ப்பைக் கழித்துவிட்டு வெறும் அசைவை மட்டும் தரும் 'லீனியர் ஆக்சலரேஷன்' என்ற தயார் சென்சாரும் ஆண்ட்ராய்டில் உண்டு. நிறையப் பேர் அது சுத்தமான டேட்டா என்று நினைத்து நேராக அதற்குப் போவார்கள். இந்த வேலைக்கு அது வேண்டாம். கழிக்கும் கணக்கை ஒவ்வொரு போன் கம்பெனியும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. அதோடு அந்தரத்தில் பூஜ்யம் என்ற நம் தெளிவான அடையாளமும் போய்விடும்.

சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 9.78. பாடப்புத்தகத்தில் வரும் 9.81-ஐ விடக் கொஞ்சம் குறைவு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். ஆனால் உங்கள் போன் 9.6 என்றோ 10 என்றோ காட்டினால் பழி ஊர் மேல் இல்லை, மலிவு சென்சாரின் பிழை அது. நம் கணக்குக்கு அந்த அளவு பிழை ஒரு பொருட்டில்லை.

கோடு எழுதும் முன் எண்களைப் பாருங்கள்

ஜெர்மனியின் ஆகென் நகரப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவச ஆப் இருக்கிறது. அதைப் போட்டு, புவியீர்ப்போடு சேர்ந்த முடுக்கத்தை அளக்கும் சோதனையைத் திறங்கள். போனை இடுப்பில் கட்டிக்கொண்டு இருபது தாண்டல் போடுங்கள். நிறுத்திவிட்டு வரைபடத்தைப் பாருங்கள்.

மூன்று அச்சையும் தனித்தனியாகப் பார்த்தால் தலைசுற்றும். பவுச்சில் போன் சாய்ந்திருந்தால் 9.8 மூன்றுக்கும் பங்கு பிரிந்துவிடும். அதனால் மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்த மொத்த அளவைப் பாருங்கள். போன் எப்படிச் சாய்ந்திருந்தாலும் அந்த எண் மாறாது. ஃபைஃபாக்ஸே அதைத் தனித் தாவலில் காட்டும். இருபது பள்ளமும் இருபது மேடும் கண்ணுக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் பெல்ட்டை இறுக்குங்கள், ஆப் எழுதுவது அப்புறம்.

டேட்டாவை ஸ்பிரெட்ஷீட்டாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் தரையில் ஒரு தடவை, எண்ணூர் பக்கம் போனால் மணலில் ஒரு தடவை. மணல் அடியை வாங்கிக்கொள்வதால் மேடு குட்டையாக இருக்கும். தாண்டல் என்று எண்ண எந்த எண்ணை எல்லையாக வைப்பது என்பதற்கு இந்த வரைபடங்களைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. எங்கோ எழுதியிருந்த 12 என்ற எண்ணை எடுத்துப் போட்டுவிட்டு 'சென்சார் சரியில்லை' என்று புலம்புகிறவர்கள் நிறைய.

விநாடிக்கு எத்தனை தடவை

தேர்ந்தவர்கள் கயிறு தாண்டும்போது கால் தரையை விட்டு நான்கு சென்டிமீட்டர் எழும்பினால் அதிகம். அந்த உயரத்துக்கு ஏறி இறங்க ஆகும் நேரம் சுமார் 0.18 விநாடி. இயற்பியல் சூத்திரத்தில் போட்டு நீங்களே பார்க்கலாம்.

ஆண்ட்ராய்டு நான்கு வேகங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறது. 'நார்மல்' என்றால் அளவுகளுக்கு இடையே 200 மில்லி விநாடி. அதாவது 0.18 விநாடிப் பள்ளம் முழுசாகவே தவறிப் போகலாம். 'கேம்' என்றால் 20 மில்லி விநாடி, விநாடிக்கு 50 அளவு. ஒரு பள்ளத்துக்குள் எட்டு ஒன்பது புள்ளிகள் விழும். நமக்கு அதுவே போதும். 'ஃபாஸ்டஸ்ட்' போட்டால் பேட்டரி கரைவதைத் தவிர லாபம் இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் விநாடிக்கு 200-க்கு மேல் அளவு கேட்டால் தனி அனுமதி வேறு அறிவிக்க வேண்டும். 'கேம்' என்று கேட்டால் சரியாக 20 மில்லி விநாடிக்கு ஒன்று வரும் என்றும் நம்பிவிடாதீர்கள். நீங்கள் கேட்பது ஒரு கோரிக்கைதான், கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

ஆண்ட்ராய்டில் சென்சாரைத் திறப்பது

சிஸ்டத்திடமிருந்து சென்சார் மேனேஜரை வாங்குங்கள். அதனிடம் ஆக்சலரோமீட்டரைக் கேளுங்கள். பதில் வெற்றாக வந்தால் அந்தப் போனில் சென்சார் இல்லை. அதற்கான செய்தியைக் காட்டிவிட்டு நிறுத்துங்கள். ஆக்சலரோமீட்டர் இல்லாத போன் அபூர்வம். சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப் இல்லாத மலிவு போன்கள் தாராளமாக உண்டு. அதனால்தான் இந்த ஆப்பில் ஜைரோவைத் தொடவே இல்லை.

கையோடு சென்சாரின் உச்ச அளவையும் கேட்டுத் திரையில் காட்டுங்கள். சில போன்களில் அது 19.6 தான், புவியீர்ப்பைப் போல இரண்டு மடங்கு. பலமாகக் குதித்தால் மேட்டின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகத் தெரியும். எல்லை எண் அதற்குக் கீழே இருக்கும் வரை எண்ணிக்கை கெடாது.

ஒவ்வொரு அளவையும் வாங்கிக்கொள்ளும் கோடுதான் லிசனர். திரை முன்னால் வரும்போது அதைப் பதிவு செய்யுங்கள், விலகும்போது நீக்குங்கள். நீக்க மறந்தால் சென்சார் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி போவது பயனருக்குத்தான் தெரியும்.

இரண்டு பொறிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, லிசனருக்கு வரும் எண் வரிசையை அப்படியே சேமித்து வைக்காதீர்கள். சிஸ்டம் அதே பொருளை அடுத்த அளவுக்கும் பயன்படுத்தலாம். நகல் எடுத்து வையுங்கள். இரண்டாவது, நேரத்துக்குக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு அளவோடும் நானோ விநாடியில் ஒரு நேரமுத்திரை வருகிறது. அது இன்றைய மணி அல்ல, ஆனால் இரண்டு அளவுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்பதைச் சரியாகச் சொல்லும்.

எண்ணும் லாஜிக்

ஆள் தரையில் இருக்கிறார் அல்லது காற்றில் இருக்கிறார். இந்த இரண்டு நிலைகள் போதும். உதாரணத்துக்கு, மொத்த அளவு 5-க்குக் கீழே போனால் காற்று, 14-க்கு மேலே ஏறினால் தரை. நடுவில் எந்த எண் வந்தாலும் நிலை மாறாது. 9.8 என்று ஒரே கோட்டை வைத்து எண்ணினால், அந்தக் கோட்டருகே ஏற்படும் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். இரண்டு எல்லைகளை இடைவெளி விட்டு வைப்பது அதைத் தடுக்கத்தான்.

நிலை = தரை, எண்ணிக்கை = 0, கடைசி = 0

அளவு வரும்போதெல்லாம்:
– மொத்தம் = வர்க்கமூலம் (எக்ஸ்² + ஒய்² + இசட்²)
– நிலை தரையாக இருந்து, மொத்தம் தொடர்ந்து 3 அளவுகளுக்கு 5-க்குக் கீழே இருந்தால்: நிலை = காற்று, ஏறிய நேரம் = இப்போது
– நிலை காற்றாக இருந்து, மொத்தம் 14-ஐத் தாண்டினால்: நிலை = தரை. இப்போது − கடைசி 250 மில்லி விநாடிக்கு மேல் என்றால் எண்ணிக்கையில் 1 கூட்டு, கடைசி = இப்போது
– நிலை காற்றாக இருந்து, ஏறி 400 மில்லி விநாடி ஆகியும் 14 வரவில்லை என்றால்: நிலை = தரை, எண்ணாதே

250 மில்லி விநாடி என்ற தடை ஏன்? கால் தரையில் பட்டதும் ஒரே மேடாக வராது, உடம்பு அதிர்ந்து சின்னச் சின்ன மேடுகளும் பின்தொடரும். விநாடிக்கு நான்கு தாண்டலுக்கு மேல் போகிறவர் உங்கள் பயிற்சிக் கூடத்தில் இருந்தால் அந்த எண்ணைக் குறையுங்கள்.

முதலில் இந்த லாஜிக்கை நீங்கள் பதிவு செய்து வைத்த ஃபைல்களின் மேல் ஓட்டுங்கள். நேரடி சென்சாரில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுந்து குதித்துக்கொண்டிருந்தால் காலும் போகும், எது மாறியதால் எண் மாறியது என்றும் தெரியாது. ஒரே ஃபைலில் 5-ஐ 6 ஆக்கிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஷேர் ஆட்டோ சோதனை

எண்ண வேண்டியதை எண்ணுகிறதா என்று பார்த்தாயிற்று. எண்ணக்கூடாததை எண்ணாமல் இருக்கிறதா? ஆப்பை ஓடவிட்டுத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவில் ஏறுங்கள். கன்டெய்னர் லாரிகள் உழும் எண்ணூர் விரைவுச் சாலையில் பைக்கின் பின்சீட்டில் போனால் இன்னும் நல்ல பரீட்சை. வண்டி பள்ளத்தில் இறங்கினால் அளவு சரியும், ஏறினால் எகிறும். போனின் கண்ணுக்கு அதுவும் ஒரு தாண்டல்தான். வண்ணாரப்பேட்டை மெட்ரோவின் படிகளில் வேகமாக இறங்கியும் பாருங்கள்.

இதற்குத் தீர்வு தாளம். கயிறு தாண்டுகிறவர் சீரான இடைவெளியில் தாண்டுவார். சாலைப் பள்ளங்கள் அப்படி வராது. அடுத்தடுத்து நான்கு தாண்டல்கள் 250 முதல் 800 மில்லி விநாடி இடைவெளியில் வந்தால் மட்டும் எண்ணத் தொடங்குங்கள். தொடங்கும்போது அந்த நான்கையும் சேர்த்துவிடுங்கள். இடைவெளி நீண்டால் மறுபடி நான்குக்குக் காத்திருங்கள்.

நின்ற இடத்தில் ஓடினாலும் தாளம் இருக்கும், ஆப் அதையும் எண்ணும். அதைப் பிரித்தறிய மெஷின் லேர்னிங் மாடல் தேடிப் போக வேண்டுமா? என்னைக் கேட்டால், 'தொடங்கு' என்று ஒரு பட்டன் போதும். கயிறு எடுக்கும்போது பயனர் அழுத்திக்கொள்வார்.

ஆளுக்கு ஆள் மாறும் அளவு

புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டு காலையும் சேர்த்து எம்பிக் குதிப்பான். பழகிய பாக்ஸர் கால் மாற்றி மாற்றி, ஓடுவதுபோலத் தாண்டுவார். இடுப்பு எழும்புவதே தெரியாது. பையனுக்கு வைத்த 5, 14 எல்லை அவருக்குப் பொருந்தாது. கூடத்திலேயே நன்றாக ஆடுகிறவருக்கு ஆப் பாதி எண்ணிக்கையைக் காட்டினால் மாஸ்டர் முகத்தில் முழிக்க முடியாது.

எனவே பயனருக்கு ஒரு அளவெடுப்புத் திரை வையுங்கள். பத்துத் தாண்டல் போடச் சொல்லி, ஒவ்வொன்றின் பள்ளத்தையும் உச்சத்தையும் எடுங்கள். சராசரிக்குப் பதில் நடுமதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எடுங்கள். ஒன்றிரண்டு தடுமாறல் இருந்தாலும் அது கெடாது. பிறகு 9.8-க்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு எல்லை, 9.8-க்கும் உச்சத்துக்கும் நடுவில் இன்னொரு எல்லை. பள்ளம் 2, உச்சம் 26 என்றால் எல்லைகள் 5.9, 17.9.

சரிபார்க்க இன்னொரு போனில் காலை மட்டும் வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். வாயால் எண்ணுவதை நம்ப வேண்டாம். அது சரியாக வராது என்பதால்தானே இந்த ஆப். சிலர் ஒரே எம்பலில் கயிறை இரண்டு சுற்று சுற்றுவார்கள், அதை ஆப் ஒன்றாகத்தான் எண்ணும். சென்சார் பார்ப்பது இடுப்பை, கயிறை அல்ல. அதை ஆப்பின் உதவிப் பக்கத்தில் நேராக எழுதிவிடுங்கள்.

ஸ்கிரீன் அணைந்தால் நின்றுவிடும்

ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணியில் கிடக்கும் ஆப்புக்கு ஆக்சலரோமீட்டர் அளவுகள் வராது. முதல் பதிப்பில் திரையை அணையவிடாமல் வைத்திருக்கும் அமைப்பைப் போட்டுச் சமாளிக்கலாம். அடுத்த பதிப்பில் அறிவிப்புப் பட்டையில் தெரியும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸுக்கு மாறுங்கள். ஆண்ட்ராய்டு 14-ஐக் குறிவைக்கும் ஆப் என்றால் சர்வீஸ் எந்த வகை என்றும் அறிவிக்க வேண்டும். உடற்பயிற்சிக்கு 'ஹெல்த்' வகை. சர்வீஸ் ஓடுகிறது என்பதற்காக பிராசஸர் விழித்திருக்கும் என்று அர்த்தமில்லை, திரை அணைந்தாலும் பிராசஸரைத் தூங்கவிடாத பார்ஷியல் வேக் லாக்கும் வேண்டும். பயிற்சி முடிந்ததும் அதை விடுவித்துவிடுங்கள்.

போனில் ஏற்கனவே இருக்கும் காலடி எண்ணும் சென்சார் இந்த வேலைக்கு உதவுமா என்று சிலர் கேட்பார்கள். அது நடைக்குச் செய்தது. போன் கடைசியாக ரீஸ்டார்ட் ஆனதிலிருந்து மொத்தக் கணக்கைத் தரும், ஆண்ட்ராய்டு 10 முதல் பயனரிடம் அனுமதியும் கேட்க வேண்டும். தாண்டலுக்கு வேண்டாம்.

ஐபோனும் ஃபிளட்டரும்

ஐபோனில் இதே வேலையை ஆப்பிளின் கோர் மோஷன் என்ற நிரல் தொகுப்பு செய்கிறது. அலகு மீட்டர் கணக்கில் இல்லை, புவியீர்ப்பின் மடங்கில், குறியும் நேர்மாறு. மல்லாக்க வைத்தால் இசட் −1 காட்டும். மொத்த அளவை 9.8 ஆல் பெருக்கிக்கொண்டால் மேலே எழுதிய லாஜிக் மாறாமல் ஓடும். அதில் சென்சாரைத் தரும் மோஷன் மேனேஜரை ஆப் முழுவதற்கும் ஒன்று மட்டும் உருவாக்குங்கள். ஒரே கோடை இரண்டு வகைப் போனுக்கும் ஆப்பாக்கும் ஃபிளட்டரில் எழுதினால் 'சென்சார்ஸ் பிளஸ்' என்ற பேக்கேஜ் இரண்டு போனுக்கும் ஒரே அலகில் தந்துவிடும்.

கூடத்தில் உள்ளவர்களுக்குக் கொடுக்க பிளே ஸ்டோர் வரை போக வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவ உதவும் ஏபிகே ஃபைலாகவே அனுப்பலாம். அந்தப் பதிப்பில், பயனர் சம்மதித்தால் மட்டும், நேரமும் மூன்று அச்சும் சேர்ந்த நான்கு நெடுவரிசைகளைப் பதிவு செய்து அவரே பகிரும்படி ஒரு பட்டன் வையுங்கள். பெயரோ இடமோ அதில் வேண்டாம். எண்ணிக்கை தப்பாக வந்தது என்று யாராவது சொன்னால் அந்த ஃபைலையும் காலின் வீடியோவையும் கேட்டு வாங்குங்கள். எந்தத் தாண்டலில் தவறியது என்று வரைபடத்திலேயே பார்த்துவிடலாம்.